லாக் புக்கில் எதை எழுதுவது?

இந்த முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் உளவியல் மேற்படிப்பு மாணவர்களுடையவை. பயிற்சி மாணவியிடம் சிகிச்சை பெற்றுவரும் ஒரு வாசகியும் எழுதியிருக்கிறார். அவர் கேள்வியை நடுவில் வைத்திருக்கிறேன். மாணவர்கள் அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

மேடம், எம்.ஃபில். கிளினிக்கல் சைக்காலஜி முதல் ஆண்டு படிக்கிறேன். தேர்வு நெருங்கிவிட்டது. மருத்துவமனை போஸ்டிங் ஓட்டத்தில், பார்த்த கேஸ்களைப் பதிய வேண்டிய லாக் புக்கை எழுதாமலே விட்டுவிட்டேன். "ஒரு ராத்திரி உட்கார்ந்தா முடிஞ்சிடும், எண்ணிக்கை வர்ற மாதிரி போட்டுக்கோ, சார் பார்க்காமலே கையெழுத்துப் போடுவார்" என்கிறார்கள் சீனியர்கள். முடித்திருக்க வேண்டிய சிகிச்சை மணிநேரமும் குறைகிறது. என்ன செய்வது?
*– பெயர் வேண்டாம், சேலம்*

வேண்டாம் தம்பி, அந்த ஒரு ராத்திரி வேலை வேண்டாம். சீனியர்கள் உங்களைக் கெடுக்க நினைத்துச் சொல்லவில்லை. அவர்களுக்கும் அவர்களுடைய சீனியர் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருப்பார். ஆனாலும் அது பொய்க்கணக்குதான்.

கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் யார் என்று மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 சொல்லும் இடத்தைப் படித்துப் பாருங்கள். இரண்டு ஆண்டு முழுநேர எம்.ஃபில். என்பதோடு நிறுத்தாமல், அதற்குள் கண்காணிப்பில் நடந்த மருத்துவமனைப் பயிற்சியும் அடங்கியிருக்க வேண்டும் என்கிறது. ஆர்.சி.ஐ. என்று நாம் சொல்லும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பாடத்திட்டம் லாக் புக்கைக் கேட்பதும் இதற்காகத்தான். கிளையண்டின், அதாவது சிகிச்சைக்கு வருபவரின் விவரம், நோய் நிர்ணயம், என்ன சிகிச்சை, எவ்வளவு நேரம், எத்தனை செஷன் என்று எழுதி, செய்முறைத் தேர்வில் தேர்வாளர் முன்னால் வைக்க வேண்டும். உங்கள் பக்கத்தில் சூப்பர்வைசர் என்று ஒரு மூத்தவர் இருந்து பார்த்துக்கொண்டார் என்பதற்கு வேறு பெரிய சாட்சி கிடையாது.

ஒரே ராத்திரியில் எழுதியது பார்த்தவுடன் தெரியும். நாற்பது பக்கமும் ஒரே பேனா, ஒரே சாய்வு. ஓ.பி. இல்லாத ஞாயிற்றுக்கிழமையில் ஒரு புது கேஸ், விடுப்பில் ஊருக்குப் போன நாளில் ஒரு செஷன். தேர்வாளர் நடுவில் ஒரு வரியில் விரல் வைத்து, "இவரைப் பத்திக் கொஞ்சம் சொல்லுங்க" என்றால் வாய் திறக்க முடியாது.

மாட்டிக்கொள்வதைக்கூட விடுங்கள். பார்க்காத கேஸைப் பார்த்ததாக எழுதி வெளியே வருகிறவர் நாளைக்கு ஒரு சின்ன ஊரில் தனியாக கிளினிக் வைப்பார். தற்கொலை எண்ணத்தோடு ஒருவர் வந்து உட்காரும்போது, கேட்டுத் தெளிய பக்கத்து அறையில் சூப்பர்வைசர் இருக்க மாட்டார். காகிதத்தில் மட்டும் நடந்த அந்த மணிநேரங்கள் அப்போது எதற்கு உதவும்?

சரி, இப்போது ஆக வேண்டியதைப் பார்ப்போம். நடந்த வேலைக்குத் தடயம் இருக்கும். நீங்கள் மதிப்பெண் போட்ட சோதனைத் தாள்களில் தேதி இருக்கிறது. ஓ.பி. பதிவேட்டில் எண் இருக்கிறது. கேஸ் ஷீட்டில் உங்கள் குறிப்பு இருக்கிறது. அவற்றை எடுத்துவைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். ஓரத்தில், "கேஸ் ஷீட்டைப் பார்த்து இன்ன தேதியில் எழுதியது" என்று குறித்துவிடுங்கள். பின்னால் எழுதியதைப் பின்னால் எழுதியது என்று சொன்னால் அது குற்றமில்லை. தடயம் கிடைக்காததை எழுத வேண்டாம், உண்மையிலேயே நடந்திருந்தாலும். கூட்டிப் பார்த்து, எது எவ்வளவு குறைகிறது என்று ஒரு தாளில் எழுதி, இந்த வாரமே சூப்பர்வைசரிடம் கொடுங்கள். "குறையுது சார், கேஸ் கொடுங்க" என்று கேட்கும் மாணவனைத் திட்டினாலும் கேஸ் கொடுத்துவிடுவார்கள். அப்படியும் நிரம்பவில்லை என்றால், கொஞ்சம் தாமதமாகத் தேர்வு எழுதுவது பெரிய இழப்பில்லை.

இனிமேல் எப்படி எழுதுவது என்பதையும் சொல்லிவிடுகிறேன். "ரிலாக்சேஷன், 45 நிமிடம்" என்று மட்டும் எழுதினால் அதை வைத்து உங்களுக்கு யாரும் எதையும் சொல்லித்தர முடியாது. கற்பனையாக ஒரு பதிவு எழுதிக் காட்டுகிறேன்:

"ஆண், 28. பதற்றக் கோளாறு. 3-வது செஷன், 40 நிமிடம். ஜேக்கப்சன் தசைத் தளர்வுப் பயிற்சி. கை, தோள் வரை நன்றாகச் செய்தார். கெண்டைக்காலை இறுக்கச் சொன்னபோது தசை பிடித்துக்கொண்டது, நிறுத்தினோம். 'எனக்கு இதுகூட வரல' என்றார். நான் 'பரவாயில்ல' என்று சொல்லிவிட்டு மூச்சுப் பயிற்சிக்குப் போய்விட்டேன். சூப்பர்விஷன் அன்றே, 20 நிமிடம்: காலை லேசாக இறுக்கினால் போதும். 'இதுகூட வரல' என்பதில் நின்று கேட்டிருக்க வேண்டும், அடுத்த செஷனில் அதை எடுப்பது."

லாக் புக் கட்டத்துக்குள் இதில் முதல் இரண்டு வரிதான் பிடிக்கும். மீதி உங்கள் பயிற்சி நோட்டுக்கு உரியது. ஆனால் அந்த மீதியில்தான் படிப்பே இருக்கிறது. கிளையண்ட் சொன்னதை எல்லோரும் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். அதற்குத் தாங்கள் என்ன பதில் சொன்னோம் என்பதை எழுதுவதில்லை. "பரவாயில்ல" என்று சொல்லித் தாண்டிப் போன அந்த நொடி நோட்டில் இல்லாவிட்டால் சூப்பர்வைசர் எதைத் திருத்துவார்?

மருத்துவமனையின் கேஸ் ஷீட் இந்த இரண்டிலும் சேராது. அது கிளையண்டுக்காக இருப்பது. நாளை வேறொரு டாக்டர் அதைப் பார்த்துத்தான் சிகிச்சையைத் தொடர்வார். வந்தது, பார்த்தது, செய்தது, ஆபத்து உண்டா இல்லையா, அடுத்து என்ன என்பது அதில் இருந்தால் போதும். உங்கள் தடுமாற்றம், ஊகம், "எனக்கு எரிச்சலாக இருந்தது" போன்றவை அதில் வேண்டாம்.

செஷன் முடிந்த சூட்டோடு எழுதுங்கள். ஓ.பி.யில் அடுத்த ஆள் வாசலில் நிற்பார், எனக்கும் தெரியும். அப்படியானால் நாலு சொல்லாவது குறித்துவைத்து, மதியம் சாப்பிட்ட கையோடு உட்கார்ந்து விரித்து எழுதுங்கள். வாரம் ஒருநாள் நேரம் குறித்துக்கொண்டு, நோட்டைத் திறந்து காட்டிக் கையெழுத்து வாங்குங்கள்.

சூப்பர்வைசர்களுக்கும் ஒரு வார்த்தை. மூன்று மாதப் பக்கங்களை ஒரே மதியத்தில் புரட்டிப் புரட்டிக் கையெழுத்துப் போடாதீர்கள். மாணவருக்கு முதலில் பொய் எழுதத் தைரியம் வருவது அங்கேதான்.

ஆஸ்பத்திரியில் எனக்குக் கவுன்சலிங் கொடுப்பது படிக்கிற ஒரு பெண். நான் பேசப் பேச எழுதிக்கொண்டே இருக்கிறாள். என் வீட்டு விஷயமெல்லாம் வகுப்பில் போய்ச் சொல்லுவாளா? எழுதாதே என்று சொல்லலாமா? நல்ல பெண், மனசு கஷ்டப்படக் கூடாது என்று பார்க்கிறேன்.
*– ஒரு வாசகி, சென்னை*

தாராளமாகக் கேளுங்கள் அம்மா. "நீ எழுதுறதை யார் யார் பார்ப்பாங்க?" என்று நேராகவே கேட்கலாம். அதற்குப் பதில் சொல்ல வேண்டியது அந்தப் பெண்ணின் கடமை. உண்மையில் முதல் நாளே, நீங்கள் கேட்காமலே சொல்லியிருக்க வேண்டும்.

அவள் உங்களைப் பற்றி இன்னொருவரிடம் பேசத்தான் செய்வாள். சூப்பர்வைசரிடம் பேசியே ஆக வேண்டும். அது உங்கள் பாதுகாப்புக்குத்தான். அவள் தவறவிட்டதை அனுபவம் உள்ளவர் பிடித்துவிடுவார். துறைக்குள் மாணவர்கள் கூடும் கேஸ் பிரசன்டேஷனிலும் பேசலாம், ஆனால் அங்கே உங்கள் பெயரோ தெருவோ வரக் கூடாது. ஹாஸ்டல் அறையிலும் பஸ்ஸிலும் பேசக் கூடாது. 2017 சட்டத்தின் 23-வது பிரிவு உங்கள் நோய், சிகிச்சை பற்றிய ரகசியத்தை உங்கள் உரிமை என்றே சொல்கிறது. யாருடைய உயிருக்காவது ஆபத்து என்பது போன்ற சில சூழ்நிலைகளுக்கு மட்டும் விலக்கு இருக்கிறது. 25-வது பிரிவின்படி உங்கள் அடிப்படை மருத்துவப் பதிவுகளை நீங்களே கேட்டு வாங்கிப் பார்க்கலாம்.

சுத்தமாக எழுதாதே என்று சொல்வதில் உங்களுக்கே ஒரு நஷ்டம் இருக்கிறது. அடுத்த முறை வேறு ஆள் இருந்தால் எல்லாவற்றையும் திரும்ப முதலிலிருந்து சொல்ல வேண்டிவரும். "நான் பேசும்போது என்னைப் பாரு, அப்புறமா எழுதிக்கோ" என்று சொல்லுங்கள். அது மிக நியாயமான கோரிக்கை. அந்தப் பெண் அதற்காக வருத்தப்படத் தேவையில்லை. மாணவியே வேண்டாம், பெரிய டாக்டர்தான் வேண்டும் என்று தோன்றினால் அதையும் சொல்லலாம். அதற்காக உங்கள் சிகிச்சையை யாரும் குறைக்கக் கூடாது.

சூப்பர்வைசர் செஷனை ஆடியோ பதிவு செய்து கொண்டுவரச் சொல்கிறார். கிளையண்டுகள் தயங்குகிறார்கள். செல்போனில் பதிவு செய்யலாமா? பதிவு அவ்வளவு அவசியமா?
*– எம்.ஃபில். மாணவி, கோவை*

பயன் உண்டு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 1940-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவில் ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் கார்ல் ரோஜர்ஸும் அவரிடம் படித்த பெர்னார்ட் கோவ்னரும் செஷன்களை கிராமபோன் தட்டுகளில் பதிவு செய்தார்கள். ஒரு தட்டில் சில நிமிடப் பேச்சுதான் பிடிக்கும். ஒரு முழு சிகிச்சையின் உரையாடலை ரோஜர்ஸ் 1942-ல் சொல்லுக்குச் சொல் அச்சிட்டார். ஆலோசகர்கள் நினைவிலிருந்து எழுதிய அறிக்கையையும் ஒலிப்பதிவையும் கோவ்னர் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, நடந்ததில் பெரும்பகுதி அறிக்கையில் இல்லவே இல்லை. எழுதியவர்கள் நேர்மையானவர்கள்தான், நினைவு அவ்வளவுதான் பிடிக்கிறது.

1960-களில் மிஷிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் நார்மன் கேகன் இன்னொரு வழி கண்டார். பதிவை ஓடவிட்டு, மாணவரையே நிறுத்தச் சொல்வது. நிறுத்திய இடத்தில், "அப்போ உங்க மனசுல என்ன ஓடிச்சு?" என்று மட்டும் கேட்பது. சரி தவறு சொல்வது கிடையாது. உங்கள் சூப்பர்வைசரிடம் இந்த முறையில் ஒரு பத்து நிமிடப் பகுதியைக் கேட்டுப் பாருங்கள் என்று நான் கெஞ்சியே சொல்வேன். முழு மணிநேரமும் கேட்க யாருக்கும் நேரம் இருக்காது, தேவையும் இல்லை.

ஆனால் உங்கள் செல்போன் வேண்டாம். நீங்கள் தொடாமலே அது கூகுள் டிரைவுக்கு ஏறிவிடும். தம்பி போனை வாங்கிப் பாட்டுக் கேட்பான். ரிப்பேருக்குக் கொடுப்பீர்கள். துறைக்கென்று ஒரு ரெக்கார்டர் வாங்கச் சொல்லுங்கள்; அது துறையின் அலமாரியிலேயே இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் சூப்பர்வைசருக்கு அனுப்புவதும் கூடாது, அவரே கேட்டாலும்.

சம்மதம் கேட்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சிகிச்சைக்கான கன்சென்ட் படிவத்திலேயே ஒரு வரியாக இதை நுழைத்துவிடாதீர்கள். தனியாக, தமிழில், எழுத்தில் இருக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். இப்படிச் சொல்லலாம்: "நான் படிச்சிட்டிருக்கேன். நான் சரியாப் பேசுறேனான்னு எங்க மேடம் கேட்டுத் திருத்துறதுக்காக இதைப் பதிவு பண்ணலாம்னு நினைக்கிறேன். மேடமும் நானும் மட்டும்தான் கேட்போம். கேட்டு முடிச்சதும் அழிச்சிடுவோம். வேண்டாம்னா வேண்டாம், சிகிச்சையில ஒரு மாத்தமும் இருக்காது. நடுவுல நிறுத்தச் சொன்னாலும் நிறுத்திடுவேன்." சொன்னபடி அழிக்கவும் வேண்டும், அழித்த தேதியை நோட்டில் குறிக்கவும் வேண்டும். பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் கையெழுத்து போதாது, பிள்ளையிடமும் கேளுங்கள்.

குடும்பத்தாரை வெளியே அனுப்பிவிட்டுக் கேளுங்கள். மாமியார் பக்கத்தில் நிற்கும்போது மருமகள் சரி என்பாள், அப்புறம் அந்த நாற்பது நிமிடமும் எதுவும் பேச மாட்டாள். இது புருஷன் காதுக்குப் போய்விடுமோ என்கிற அவள் பயம் வீண்பயம் அல்ல. தயங்குகிறவர்களை இரண்டாம் முறை கேட்க வேண்டாம். அவர்களுக்கு, செஷன் முடிந்ததும் அவர் சொன்னது, நான் சொன்னது என்று நினைவில் உள்ளவரை உரையாடலாக எழுதிக் கொண்டுபோங்கள். அதை வைத்தே நல்ல சூப்பர்விஷன் நடக்கும்.

தேர்வுக்கு ஐந்து சைக்கோடயக்னாஸ்டிக் ரிப்போர்ட் (உளவியல் சோதனைகள் செய்து எழுதும் நோய் நிர்ணய அறிக்கை) பைண்டிங் செய்து கொடுக்க வேண்டும். பெயரை எடுத்துவிட்டு இனிஷியல் போட்டால் போதுமா?
*– மாணவர், மதுரை*

போதாது. "திருமதி கே., 43, இன்ன தாலுகாவில் கிராம நிர்வாக அலுவலர், கணவர் இறந்தவர்" என்று எழுதினால் அந்தத் தாலுகாவில் எல்லோருக்கும் ஆள் தெரியும். ஊர், வேலை, பள்ளியின் பெயர் மூன்றையும் பொதுவாக்குங்கள்: "அரசுப் பணி, கிராமம்". வயது மட்டும் அப்படியே இருக்கட்டும், சோதனை மதிப்பெண்களுக்கு அது தேவை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். கல்லூரி வாசலில் இருக்கும் ஜெராக்ஸ் கடை. அங்கே வாட்ஸ்அப்பில் ஃபைலை அனுப்பி, பிரின்ட் எடுத்து, ஸ்பைரல் போட்டு வாங்கி வருகிறோம். அந்தக் கடை கம்ப்யூட்டரின் டவுன்லோட் ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். கல்யாணப் பத்திரிகை, ஆதார் அட்டை, அவற்றுக்கு நடுவில் யாருடைய ரோர்ஷாக் (மைத்தடச் சோதனை) ரிப்போர்ட்டோ இருக்கும். துறையிலேயே பிரின்ட் எடுங்கள். கடையில் பைண்டிங் மட்டும், அதுவும் பக்கத்தில் நின்று.

நான் எழுதிய செஷன் குறிப்பில் சூப்பர்வைசர் ஒரு பகுதியை மாற்றி எழுதச் சொன்னார். ஒயிட்னர் போட்டு மாற்றினேன். ஆனால் நான் முதலில் எழுதியதுதான் சரி என்று இன்னும் தோன்றுகிறது.
*– எம்.எஸ்சி. மாணவி, திருச்சி*

ஒயிட்னரைப் பையிலிருந்தே எடுத்துவிடுங்கள். தவறை ஒரே கோட்டால் அடித்து, கீழே என்ன இருந்தது என்று தெரியும்படி விட்டு, பக்கத்தில் தேதியும் சுருக்கொப்பமும் போடுங்கள். கருத்து வேறுபாட்டைப் பொறுத்தவரை, நீங்கள் கண்ணால் பார்த்ததை யாருக்காகவும் மாற்ற வேண்டாம். அதற்கு என்ன அர்த்தம் என்பதில் சூப்பர்வைசருக்குத்தான் அனுபவம் அதிகம். "கிளையண்ட் கேள்விக்குப் பதில் சொல்லாமல் தரையைப் பார்த்தார்" என்பது நீங்கள் பார்த்தது, அது இருக்கட்டும். அது மனச்சோர்வா, கூச்சமா என்பதில் "என் கருத்து இது, சூப்பர்வைசர் கருத்து இது" என்று இரண்டையும் எழுதலாம். எந்த நல்ல சூப்பர்வைசரும் அதற்குக் கோபிக்க மாட்டார்.

பள்ளியில் பயிற்சி. பதினாறு வயது மாணவி, உறவினர் ஒருவர் தன்னிடம் தவறாக நடப்பதாகச் சொன்னாள். "அக்கா, இதை மட்டும் எழுதாதீங்க, யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். சரி என்று சொல்லிவிட்டேன். இப்போது தூக்கம் வரவில்லை.
*– ஊர், பெயர் வேண்டாம்*

இந்தக் கடிதம் வந்த அன்றே ஆசிரியர் குழு மூலம் பதில் அனுப்பிவிட்டோம். வேறு மாணவர்களுக்கும் இது நேரலாம் என்பதால், அடையாளம் தெரியாதபடி இங்கே வெளியிடுகிறோம்.

அந்தப் பிள்ளை உங்களை நம்பிச் சொன்னது பெரிய விஷயம் அம்மா. ஆனால் இந்த ஒரு ரகசியத்தை வைத்துக்கொள்ள உங்களுக்கு உரிமை இல்லை. பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு இப்படி நடப்பது தெரியவந்தால், பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் போக்சோ சட்டம், 2012-ன் 19-வது பிரிவின்படி சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ உள்ளூர்க் காவல் நிலையத்துக்கோ தெரிவிக்க வேண்டும். அது யாராக இருந்தாலும் கட்டாயம், பயிற்சி மாணவிக்கும் சேர்த்து. தெரிவிக்காமல் விடுவது 21-வது பிரிவின்படி தண்டனைக்குரியது. நல்லெண்ணத்தில் தெரிவித்தவர் மீது வழக்கு வராது என்றும் அதே 19-வது பிரிவு சொல்கிறது.

முதலில் சூப்பர்வைசருக்கு போன் செய்யுங்கள், இரவு என்றாலும் பரவாயில்லை. தனியாக எதுவும் செய்ய வேண்டாம். அவர் போனை எடுக்கவில்லை என்பதற்காகக் காத்திருக்கவும் வேண்டாம். 1098 குழந்தைகள் உதவி எண் இருபத்து நான்கு மணிநேரமும் இயங்குகிறது. அப்புறம் எழுதுங்கள். அவள் சொன்ன சொற்களை அவள் சொன்ன தமிழிலேயே, மேற்கோள் குறிக்குள். நீங்கள் கேட்ட கேள்வி என்ன, அவள் சொன்னது எந்தக் கேள்விக்குப் பதிலாக என்பதும் வர வேண்டும். தேதி, நேரம், யாரிடம் எப்போது தெரிவித்தீர்கள் என்பதும் வேண்டும். துருவித் துருவி மேலும் கேட்காதீர்கள். அது விசாரணை அதிகாரியின் வேலை, அந்தப் பிள்ளை ஒரே விஷயத்தைப் பல பேரிடம் சொல்ல வேண்டிய நிலை வரக் கூடாது.

தகவல் வேறு யார் மூலமாகவும் அவளுக்குத் தெரியும்முன், நீங்களும் சூப்பர்வைசரும் சேர்ந்து அவளைப் பார்த்துச் சொல்லுங்கள்: "நான் சரின்னு சொன்னேன், ஆனா உன்னைப் பத்திரமா வச்சிக்கணும்னா இதை என்னால மறைக்க முடியாது. யார்கிட்ட சொல்லப் போறோம், அடுத்து என்ன நடக்கும்னு எல்லாத்தையும் உனக்குச் சொல்றேன்." அவள் கோபப்படலாம், அழலாம், உங்களோடு பேசாமலே போகலாம். அப்படியே ஆனாலும் அடுத்த வாரம் அதே நேரத்துக்கு அந்த அறையில் போய் உட்காருங்கள்.